நிதானம் திரும்பும் விதம்

கையை மடக்கி நெஞ்சுக்கு நேரே பிடித்தபடி நடைபாதையில் அசையாமல் நிற்கிறார் நிதானம். மணிக்கட்டில் கறுப்பு நிறத்தில் ஒரு கடிகாரம். அதன் முகத்தில் சிறு வட்டம் ஒன்று சுழன்றுகொண்டிருக்கிறது. நாயை நடத்திச் செல்பவரும் பால் வாங்கப் போகிறவரும் அவரைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். மாடிச் சன்னலிலிருந்து கணவர் எட்டிப் பார்த்து, “இன்னும் கிளம்பலையா?” என்று கேட்டால், நிமிர்ந்து பாராமலே பதில் வருகிறது: “மேலேர்ந்து ‘ரைட்’ வரட்டும்.”

மேலே இருப்பவை செயற்கைக்கோள்கள். அவை தம்மைக் கண்டுகொண்டன என்பதற்கு அடையாளமாகக் கடிகாரம் ஒருமுறை அதிரும்வரை அவர் ஓர் அடிகூட எடுத்துவைப்பதில்லை. அக்கம்பக்கத்து இளைஞர்கள் நடந்துகொண்டே பொத்தானை அழுத்திவிட்டுப் பாய்கிறார்கள். அவர்களுடைய ஓட்டத்தின் தொடக்கம் எந்தக் கணக்கிலும் சேராமல் தெருவிலேயே கிடந்துவிடுகிறது. நிதானத்திடம் அந்த அவசரம் இல்லை. “ஏறுறவங்க ஏறி முடிக்காம வண்டிய எடுக்கலாமா?” என்பது அவர் கட்சி.

ஐம்பதை நெருங்கும் அவர் தொழிலால் பேருந்து ஓட்டுநர். நிதானம் என்பது பணிமனை இட்ட பெயர். அவர் வண்டியில் நின்றுகொண்டே தேநீர் குடிக்கலாம், சட்டையில் ஒரு சொட்டுச் சிந்தாது என்பார்கள். “நிதானம் வருது, ஓரமா நில்லு” என்று கேலியாகத் தொடங்கிய பெயர், காலப்போக்கில் மரியாதையாகிச் சம்பளச் சீட்டைத் தவிர எல்லா இடத்திலும் நிலைத்துவிட்டது.

கணவருக்கு வேலை பல் கட்டுவது. மருத்துவர்கள் அனுப்பும் வாய் அச்சுகளைக் கொண்டு, மாடி வீட்டின் முன்னறையில் பல்செட் செய்கிறார். தெருவுக்கு அவர் பல்காரர். நாற்காலியை விட்டு எழாத தொழில். முழங்கை அளவு மேசைக்குள் அவருடைய உலகம் முடிந்துவிடும். அந்த மேசையின் ஓரத்தில்தான், பிளாஸ்டர் தூளுக்குத் தப்பும்படி ஒரு துணியின்மேல், நிதானத்தின் கைப்பேசி ஒவ்வொரு காலையும் விடப்படுகிறது. ஓடும்போது அதை எடுத்துச் செல்வதில்லை என்பது அவர் வகுத்த சட்டம்.

அந்தச் சட்டத்துக்கு ஒரு காரணம் இருந்தது. சென்ற ஆண்டு பணிமனை உணவகத்தில், தட்டேந்தி வரிசையில் நின்றிருந்தபோது நிதானம் சரிந்து விழுந்தார். வண்டியில் விழவில்லை, வரிசையில்தான் விழுந்தார். ஆனாலும் சாவியை வாங்கிக்கொண்டார்கள். இதயத்தின் மின்னோட்டம் போகவேண்டிய பாதையை விட்டு இன்னொரு சிறு பாதையில் புகுந்து புறப்படுகிறது என்று மருத்துவர்கள் கண்டுபிடித்து, அந்தப் பாதையை மட்டும் சுட்டு அடைத்தார்கள். பார்க்க வந்தவர்களிடம் நிதானமே அதை விளக்கினார்: “ஒண்ணுமில்ல. உள்ள எவனோ குறுக்குச் சந்துல வண்டிய விட்டிருக்கான். இப்போ சந்த அடைச்சாச்சு.”

சந்து அடைபட்டாலும் சாவி திரும்பவில்லை. மருத்துவக் குழு ஓடவைத்துப் பார்த்து, இந்த நெஞ்சை நம்பி ஒரு பேருந்து மக்களை ஏற்றலாம் என்று கையெழுத்திட வேண்டும். அதுவரை மேசை வேலை. பயணிகள் மறந்துவிட்டுப் போகும் பொருள்களைப் பெற்று வைக்கும் அறையில், குடைகளுக்கும் ஒற்றைக் காலுறைகளுக்கும் நடுவே அவரை உட்காரவைத்தார்கள். ஒருமுறை ஒரு பல்செட்கூட வந்தது. “உங்க வேலையான்னு பாருங்க” என்று படம் பிடித்து வந்து கணவரிடம் காட்டினார். “என் வேலையா இருந்தா கழட்டியே வச்சிருக்க மாட்டாங்க” என்றார் பல்காரர். சிரித்தார்கள். ஆனால் அந்த அறையைப் பற்றி நிதானம் வாய்விட்டுச் சிரித்தது அந்த ஒருமுறைதான். மருத்துவர் மெதுவாக ஓடலாம் என்று சொன்ன மறுநாளே காலணி வாங்கிவந்துவிட்டார். “என்னம்மாடி, இந்த வயசுல ஓட்டம்?” என்று மாமனார் கேட்டார். “ஓட்டக் குடுக்கலையே மாமா. அதான் ஓடுறேன்.”

போனை எடுத்துக்கொண்டு ஓடும்படி பல்காரர் கெஞ்சியும் பார்த்தார், கோபித்தும் பார்த்தார். நிதானம் நாற்காலியை இழுத்துப்போட்டு அமர்ந்து பதில் சொன்னார்.

“நான் ஸ்டீரிங்ல உக்காந்தா போன் எங்க இருக்கும்?”

“பெட்டில.”

“வண்டி நிறைய ஆளு. அப்போ நெஞ்சு ஒரு மாதிரி பண்ணுச்சுன்னா யாரக் கேப்பேன்? உங்களையா? கையில போனோட ஓடிப் பழகினா, போன் இருந்தாத்தான் தைரியம்னு ஆயிடுங்க. எனக்கு அது இல்லாத தைரியம் வேணும்.”

பல்காரர் மறுவாரம் ஒரு கடிகாரத்தை வாங்கிவந்து தாமே கட்டிவிட்டார். போன் பக்கத்தில் இல்லாமலே போன வழியையும் நெஞ்சின் துடிப்பையும் அது குறித்துவைக்கும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். குறித்தவுடன் தமக்குச் செய்தி வரும் என்று பல்காரர் தாமாக எண்ணிக்கொண்டார். முதல் நாள் போனையே முறைத்துக்கொண்டு அமர்ந்திருந்தவருக்கு ஒரு சேதியும் வரவில்லை. அவர் வாங்கிய கடிகாரம் ஓடும்போது ஒரு வார்த்தை பேசாது. வீட்டுக்கு வந்து போனை நெருங்கிய பிறகுதான் எல்லாவற்றையும் ஒப்பிக்கும். “இது தகவல் சொல்ற சாதி இல்ல, கோள் சொல்ற சாதி” என்று நொந்துகொண்டார்.

ஆனால் அந்தக் கோளுக்கு அவர் அடிமையானார். நிதானம் மாடிப்படியில் கால் வைக்கும்போதே மேசையில் போன் ஒருமுறை உறுமும். மனைவி வந்து சேர்வதற்கு முன்பே மனைவியின் கோடு வந்து சேர்ந்துவிடும்: வரைபடத்தின்மேல் செம்மஞ்சள் நிறத்தில், புறப்பட்ட இடத்திலேயே வந்து முடியும் ஒரு கோடு. “கோடு வந்துடுச்சா?” என்று மாமனார் உள்ளிருந்து கேட்பார். “வந்துடுச்சுப்பா.” அதன்பிறகுதான் அந்த வீட்டில் காலை தொடங்கும்.

பற்களின் தேய்மானத்தைப் பார்த்தே பழகிய கண் அந்தக் கோட்டையும் சும்மா விடவில்லை. ஒரு நாள் அதைப் பெரிதாக்கிப் பார்த்த பல்காரர், மெழுகுக் கத்தியைக் கீழே வைத்தார். தெரு முனைகளில் கோடு ஒடுங்கித் திரும்பவில்லை. ஓடுகிறவர்கள் முனையைக் கடித்துக்கொண்டு திரும்புவார்கள். குறுக்கே போனால் நாலு அடி மிச்சம். இந்தக் கோடோ முனையைத் தாண்டி நேரே போய், சாலையின் நடுவரை விலகி, பிறகு பெரிய வில்லாக வளைந்து அடுத்த தெருவில் இறங்கியது. ஒவ்வொரு முனையிலும் அப்படித்தான். செயற்கைக்கோள் சில அடி தவறும் என்பார்கள். தவறு தினந்தோறும் ஒரே விதமாகவா விழும்?

“ஏம்மா, முனையில ஏன் இவ்வளவு அகலமா சுத்தி வர்ற?”

“யாரு, நானா?” நிதானம் கோட்டை வெறித்துப் பார்த்தார். பிறகு, திருடியபோது பிடிபட்டவர்போல் முணுமுணுத்தார்: “ஒடிச்சுத் திருப்பினா பின்சக்கரம் பிளாட்ஃபாரத்துல ஏறிடும்ல.”

பின்னால் ஒரு பேருந்து நீளம் இல்லை என்பது அவர் அறிவுக்குத் தெரியும். அவர் கால்களுக்கு யாரும் சொல்லவில்லை. பேருந்து நிறுத்தங்களிலும் கோட்டில் சிறு முடிச்சுகள் விழுந்திருந்தன. அங்கெல்லாம் வேகம் தணிந்து, ஓரம் ஒதுங்கி, மறுபடி எடுத்திருக்கிறார். சாவியைப் பறித்தவர்களால் பேருந்தைப் பறிக்க முடியவில்லை. அதை அவர் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார் என்று தோன்றியது பல்காரருக்கு. யாரிடமும் சொல்லத் தெரியாத ஒரு பிரமிப்பு அவரைப் பிடித்துக்கொண்டது.

ஒன்றுதான் அவரை உறுத்தியது. முன்பெல்லாம் பணி முடிந்து வந்து நாற்காலியில் சாய்ந்ததும், நிதானத்தின் கை தானாகப் பக்கவாட்டில் இறங்கி, இல்லாத கைப்பிரேக்கை ஓர் இழுப்பு இழுக்கும். “வண்டி ஷெட்டுக்கு வந்தாச்சு” என்பார் மாமனார். மேசைக்குப் போன நாளிலிருந்து, எவ்வளவு ஓடிவிட்டு வந்தாலும், அந்தக் கை மடியிலேயே கிடந்தது.

அன்று காலை நிதானம் ‘ரைட்’ வாங்கிப் புறப்பட்டபின், பல்காரர் பின்கட்டில் மெருகு மோட்டாரை ஓடவிட்டுக்கொண்டிருந்தார். கையில் தகப்பனாருடைய பல்செட். கீழ்வரிசை ஆடுகிறது என்று பெரியவர் ஒரு வாரமாகப் புகார். “ஊருக்கெல்லாம் பல்லு கட்டுறான், பெத்தவன் வாய் பொக்கை” என்ற ஏச்சுக்கு அஞ்சி இரண்டு வரிசையையும் கழற்றி வாங்கியிருந்தார். மோட்டார் இரைச்சலில் முன்னறையில் நிதானத்தின் போன் அடித்தது கேட்கவில்லை. எடுத்தவர் பெரியவர்.

சற்று நேரத்தில் அவர் பின்கட்டுக்கு வந்து, ஈறு தெரியச் சிரித்து, யாரோ கேட்டார்கள், பதில் சொல்லிவிட்டேன் என்று சைகை காட்டினார். அவர் சொல்ல நினைத்தது ‘ஓடப் போயிருக்கா.’ பல் இல்லாத வாயில் ‘ஓட’வுக்கும் ‘ஓடி’க்கும் வேற்றுமை ஏது?

போன் மறுபடி அடித்தது. இம்முறை பல்காரரே எடுத்தார். பணிமனைக் கண்ட்ரோலர். குரல் சாவு வீட்டில் பேசுவதுபோல் தணிந்திருந்தது.

“சார்... இப்பதான் பெரியவர் சொன்னாரு. மனசத் தேத்திக்குங்க.”

“எதுக்கு?”

“அக்காவா இப்படின்னு எங்களுக்கே நம்ப முடியல. யாரோடன்னு தெரிஞ்சுதா?”

“யாரோடயும் இல்லையே. தனியாத்தான் ஓடுறா.”

“தனியாவா?”

“ஆமா. தினமும் காலைல.”

“தினமுமா!”

“ஞாயித்துக்கிழமை கிடையாது. ஓடிட்டுக் குளிக்கத் திரும்பி வந்துடுவா.”

முடிச்சு அவிழ்ந்தபோது கண்ட்ரோலர் சிரித்த சிரிப்பில் பணிமனையே சேர்ந்துகொண்டது கேட்டது. “‘நிதானம் ஓடிப்போச்சு’ன்னு இங்க எல்லாருக்கும் சொல்லிட்டேன் சார்!” என்றவர், சட்டென்று குரலை இறுக்கினார். “சரி, அத விடுங்க. முக்கியமான சேதி. மெடிக்கல் போர்டு இன்னிக்கு உக்காருது. ஒருத்தர் வரல, அக்கா பேரச் சேத்துட்டேன். பத்து மணிக்குள்ள ஆஸ்பத்திரில இருக்கணும். இத விட்டா போர்டு அடுத்து எப்போன்னு தெரியாது. அதுக்குள்ள மேசையே நிரந்தரம்னு ஆர்டர் போட்டுடுவாங்க. உடனே சொல்லிடுங்க.”

உடனே சொல்ல, போன் தம் கையில் இருந்தது. போனுக்கு உரியவர் தெருவில் இருந்தார். கடிகாரமோ வீட்டுக்கு வந்த பிறகு கோள் சொல்லும்.

மேலாடையில் பிளாஸ்டர் தூளும் காலில் வீட்டுச் செருப்புமாகப் பல்காரர் இறங்கினார். நிதானம் ஒரே வழியில் ஓடுகிறவர் அல்ல. நாளுக்கு ஒரு ரூட். முதல் நாற்சந்தியில் நின்று கண்ணை மூடினார். இத்தனை மாதங்களாகப் பார்த்த கோடுகளெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக இமைக்குள் எழுந்தன; அவை போன இடங்களைவிட, ஒருநாளும் போகாத இடங்கள் இப்போது பளிச்சென்று தெரிந்தன. இடப்பக்கம் அச்சகச் சந்து: பேருந்து நுழையாது, ஆகவே நிதானமும் நுழையமாட்டார். நேரே ரயில் பாலத்தின் தாழ்ந்த வாய்: நிதானத்தின் உயரத்துக்கு அது கோபுர வாசல், ஆனால் பேருந்தின் கூரை இடிக்கும். வாய்க்கால்மேல் உள்ள சிறுபாலத்தில் கனரக வண்டிகளுக்குத் தடை. அந்தப் பலகைக்கு அவர் கால்களும் கட்டுப்படும். எஞ்சியது ஒரே சாலை; எந்த ரூட்டானாலும் முதலில் அதில்தான் போயாக வேண்டும். அது நூலகத்தைச் சுற்றி, நீளமாகப் போய், பூங்கா நிறுத்தத்துக்கு வரும். அச்சகச் சந்து வழியாகக் குறுக்கே போனால் அங்கு முன்பே போய் நின்றுவிடலாம்.

குறுக்குச் சந்தில் ஓடினார் பல்காரர். அவரும் பல ஆண்டுகளுக்குப் பிறகு ஓடினார் என்பதைக் குறித்துவைக்கக் கடிகாரம் ஏதும் இல்லை.

பூங்கா நிறுத்தத்தில் வேலைக்குப் போகிற சிலர் பேருந்துக்காகக் காத்திருந்தார்கள். அவரும் போய் அவர்களோடு நின்று, மூச்சு வாங்கியபடி முனையைப் பார்த்தார். வரவில்லை. கணக்கு தவறிவிட்டதோ என்று திரும்பிப் போக அடியெடுத்தபோது, முனைக்கு அப்பால், எந்த ஓட்டக்காரரும் போகாத அளவுக்கு விலகி, சாலையின் நடுவில் ஓர் உருவம் தோன்றியது.

இத்தனை மாதங்களில் அவர் கோட்டைப் பார்த்திருக்கிறார், ஓடுகிறவரைப் பார்த்ததில்லை. வேகமில்லை. தலை ஒரே மட்டத்தில் வந்தது, மேலே ஏதோ ததும்பும் பாத்திரம் இருப்பதுபோல். தோள்கள் அசையவில்லை. முன்னே நேராக வந்து, தக்க இடம் வந்ததும் இடுப்பிலிருந்து மெல்லச் சாய்ந்து, உள்ளே அமர்ந்திருப்பவர் ஒருவர்கூடக் குலுங்காதபடி, அந்தப் பெரிய வில்லை நிதானம் வரைந்தார். பின்னால் வராத சக்கரங்கள் நடைபாதை விளிம்பைத் தொடாமல் கடந்ததைப் பல்காரர் கண்ணால் கண்டார். தம்மோடு முப்பது ஆண்டுகளாக ஒரே வீட்டில் இருக்கும் மனிதர் இவர்தானா என்று பார்த்துக்கொண்டே நின்றார். நிறுத்த வேண்டும் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கூப்பிடாமல் கையை நீட்டினார், பேருந்தை நிறுத்துவதுபோல்.

ஆளை நிதானம் பார்க்கவில்லை. நீண்ட கையைத்தான் பார்த்திருக்க வேண்டும். வேகம் தணிந்தது. ஓரம் ஒதுங்கி, கைக்கு நேரே வந்து நின்றார். பிறகுதான் முகத்தைப் பார்த்தார்.

“நீங்களா? மாமாவுக்கு ஏதும்...?”

“இல்ல, இல்ல. ஆஸ்பத்திரி போகணும்.”

“யாருக்கு?”

“உனக்குத்தான். போர்டு இன்னிக்கே. பத்துக்குள்ள.”

நிதானத்தின் முகத்திலிருந்து ஓட்டத்தின் சிவப்பு வடிந்தது. கை தானாக நெஞ்சுக்குப் போயிற்று. கூட இருந்தவர்கள் பார்ப்பதுபோல் தோன்றவே பல்காரர் குரலைத் தாழ்த்தினார். “இவ்வளவு ஓடிட்டு, மறுபடி அங்கயும் ஓடணுமேம்மா. முடியலன்னா சொல்லிடலாம்.”

நிதானம் முந்தானையால் முகம் துடைப்பதுபோல் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார். “இஞ்சின் சூடா இருக்கும்போதே எடுத்துடலாங்க” என்றார்.

மருத்துவமனையில் அவரை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினார்கள். அதற்கு முன் கடிகாரத்தைக் கழற்றிக் கணவரிடம் தரச் சொல்லியிருந்தார்கள். கதவுக்குப் பின்னால், நின்ற இடத்திலேயே ஓடவைக்கும் ஓடுபட்டையின் இரைச்சல் ஏறிக்கொண்டே போனது. பல்காரரின் உள்ளங்கையில் கடிகாரம் ஒன்றும் அறியாததுபோல் கிடந்தது. எந்த நெஞ்சைச் சொல்லவேண்டுமோ அது இப்போது அதன் கையில் இல்லை. வெளியே வந்த நிதானம் அதை வாங்கிக் கட்டிக்கொண்டார்.

“ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறாங்க. ரிப்போர்ட்ட டிப்போவுக்கே அனுப்பிடுவாங்களாம். நான் அங்க போறேன். நீங்க போய் மாமாவுக்குப் பல்லக் குடுங்க. காலைலேர்ந்து வெறும் பால்லயே இருக்காரு.”

அன்றைய பகல் பல்காரருக்கு நகரவில்லை. பணிமனைக்கு ஒரு வார்த்தை கேட்கலாம். ஆனால் கேட்டால் ‘மேசை’ என்ற சொல் காதில் விழுந்துவிடும். பல்செட்டைத் தகப்பனாரின் வாயில் பொருத்தினார். பெரியவர் கண்ணாடி முன் நின்று, புதுத் தாளம் கற்பவர்போல் எழுத்துகளை ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் சாய்ந்தது.

மேசையில் போன் உறுமியது.

படியில் காலடி கேட்பதற்குள் பல்காரர் எடுத்துப் பார்த்தார். காலையில் தொடங்கிய ஓட்டத்தை முடிக்க மறந்த நிதானம், வாசலுக்கு வந்துதான் பொத்தானை அழுத்தியிருக்கிறார். கடிகாரம் நாள் முழுவதும் குறித்துக்கொண்டே இருந்திருக்கிறது. ‘உங்கள் வாழ்நாளின் மிக வேகமான ஓட்டம்!’ என்று திரையில் ஒரு பாராட்டு. கீழே கோடு. பூங்கா நிறுத்தம்வரை காலை ஓட்டம். அங்கிருந்து மருத்துவமனைக்கு டாக்சி. ஓட்டியவன் ஒவ்வொரு முனையையும் கடித்துக் குதறியிருந்தான். பிறகு பணிமனை. அங்கே பெரிய முடிச்சு.

முடிச்சிலிருந்து ஒரு கோடு வெளியே வந்திருந்தது. பல்காரர் விரலால் அதைத் தொட்டபடியே போனார். முதல் முனை: நேரே போய், விலகி, பெரிய வில். அடுத்த முனை: வில். நிறுத்தந்தோறும் முடிச்சு. நூலகத்தைச் சுற்றி அது பூங்கா முனைக்கு வந்தபோது, காலையில் கால்கள் போட்ட கோடும் மாலையில் சக்கரங்கள் போட்ட கோடும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, எது உடம்பு, எது வண்டி என்று பிரித்தறிய முடியாமல் ஒரே கோடாகக் கிடந்தன. பல்லின் மயிரிழை வேற்றுமையைக் கண்டுபிடிக்கும் அவர் திரையை எவ்வளவு பெரிதாக்கியும் இடைவெளி தென்படவில்லை.

“அப்பா,” என்றார். திரையைக் காட்டினார்.

அவர் கையிலேயே போன் அடித்தது. காலைச் சேதி அதற்குள் நிதானத்தின் அக்காவரை போய்ச் சேர்ந்திருந்தது. பெரியவர் போனைப் பிடுங்கி, மருமகளின் தமக்கையிடம், புதுப் பல் பளிச்சிட, சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டுச் சொன்னார்:

“ஓடிப் போகலம்மா. ஓட்டப் போயிருக்கா. ஓ, ட், ட!”

கதவு திறந்தது. நிதானம் உள்ளே வந்து, இருவரையும் பார்த்தார். சாப்பாட்டு மேசையை அகலமாகச் சுற்றிக்கொண்டு போய்த் தம் நாற்காலியில் அமர்ந்தார். கண்கள் தாமாக மூடின. மடியிலிருந்த கை மெல்ல வழுகி, பக்கவாட்டில் இறங்கி, காற்றைப் பற்றி, ஓர் இழுப்பு இழுத்தது.